கடற்சங்கோ, காட்டு நத்தையோ?

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை. முதற்பாடம் தொடங்குமுன் மாணவன் ஒருவன் எமது மேசையின்மீது பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிய பொருளொன்றை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். குருவிற்றைக்கு அப்பால், சிவனொளிபாத மலையின் அடிவாரத்தை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளதொரு தோட்டத்து லயத்திலிருந்து வரும் பையன் அவன். தாளைப் பிரித்துப் பார்த்தோம். எலுமிச்சம்பழ அளவினதாய், வெளுத்துச் சுண்ணாம்பு போலாகிவிட்ட சுருளோடு ஒன்று உள்ளே இருந்தது. பெரிய பாறையொன்றின் கீழிருந்து மழைநீர் அரித்து வந்து தோட்டத்துக் கானிலே தள்ளிவிட்டதாம்.

"சேர், இது கடற்சங்குதானே? முன்னொரு காலத்தில் கடல் இந்த மலைவரைக்கும் வந்தது, அதன் அடையாளந்தான் இது என்று எங்கள் அம்மாயி சொல்கிறார்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. ஏனெனில், அந்த மூதாட்டி கூறியது வேறோரிடத்தைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மை. நம்மவர் பலரது பூசையறையில் இருக்கும் சாளக்கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நேபாளத்திலே கண்டகி நதி உருட்டிக் கொணரும் அக்கருங்கற்களைப் பிளந்தால் உள்ளே சக்கரம் போன்ற சுருள் தெரியும். அது யுராசிக் என்று புவிச்சரிதவியலார் அழைக்கும் காலத்திலே, அதாவது இற்றைக்கு 20 கோடி ஆண்டுகளுக்கும் 14½ கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்திலே, கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் சுவடு. அக்கடலின் அடித்தரையே பின்னர் நெருக்குண்டு இமயமாக உயர்ந்தது. கடல் மலைக்கு ஏறவில்லை. கடலின் தரை மலையாயிற்று.

ஆயினும் சாளக்கிராமத்துச் சுருள் நத்தையன்று. அதன் உட்புழையைக் குறுக்குச் சுவர்கள் பல அறைகளாகப் பிரித்திருக்கும். அது கணவாயின் உறவான தலைக்காலி. நத்தையின் ஓடோ வாயிலிருந்து உச்சிவரை தடையின்றிச் செல்லும் ஒரே குழாய். வெளிப்பார்வைக்கு இரண்டும் சுருளே. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போவதிற் பாதி விளங்கிவிடும்.

இனி, நமது சப்பிரகமுவவுக்கு வருவோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் அடிப்பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் பூமியின் ஆழத்தே வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் வெந்து உருமாறியவை. நீலமும் புஷ்பராகமும் நமக்குக் கிடைத்தது அந்த வேக்காட்டின் பயனாகவே. ஆனால் மாணிக்கத்தை ஆக்கிய வெப்பம் சங்கையும் சிப்பியையும் விட்டுவைக்காது. மேலும், நத்தைகள் தோன்றிச் செழிக்கத் தொடங்கியதெல்லாம் அதற்குப் பின்னர். ஆகவே இம்மலைகளின் பாறைக்குள்ளே கடல் நத்தையின் சுவடு கிடைக்க வழியே இல்லை.

மாணிக்கக் குழிகளில் எலும்புகள் கிடைப்பதுண்டே என்று சிலர் கேட்கக்கூடும். கிடைப்பது மெய்தான். 'இல்லம' என்று குழி வெட்டுவோர் கூறும் சரளைப் படையிலிருந்து, கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல அவர்கள் நீர்யானையையும் காண்டாமிருகத்தையும் இனங்கண்டார். குருவிற்றையிற் கிடைத்த பற்களைக் கொண்டு, இலங்கையில் ஒருகாலத்திற் சிங்கமும் வாழ்ந்ததென 1939 இல் எழுதினார். ஆயின் அவையெல்லாம் பழைய ஆறுகள் பரப்பிய சரளையில் அகப்பட்ட தரைவிலங்குகள். யுராசிக் காலத்தோடு ஒப்பிட்டால் நேற்று இறந்தவை. கடலுக்கு அங்கே வேலையில்லை.

இலங்கையிலே யுராசிக் பாறை இல்லாமலும் இல்லை. புத்தளத்தை அடுத்த தப்போவையிலும் அண்டிகமவிலும் சிறு துண்டுகளாக அது எஞ்சியிருக்கிறது. அங்கே கிடைத்த பன்ன இலைச் சுவடுகளையும் பிறவற்றையும் 1922 இல் சீவர்ட், ஹோல்ட்டம் என்னும் இரு தாவரவியலாளர் ஆராய்ந்து வெளியிட்டனர். பதிந்திருப்பவை தரைத் தாவரங்கள். அலைகடலின் சங்குகள் அல்ல. யாழ்ப்பாணத்துக் கிணறுகளை வெட்டும்போது காணும் சுண்ணாம்புக்கல் கடலிற் பிறந்ததே. ஆனால் அது மிகப் பிந்திய மயோசீன் காலத்தது. ஆகவே யுராசிக் கடல் நத்தையை நேரிற் காண விரும்புவோர் நம் அண்டை நாட்டின் மேற்குக் கோடிக்கு, குஜராத்தின் கட்ச் பிரதேசத்துக்குச் செல்லல் வேண்டும்.

கட்ச் வறண்ட பூமி. ஆயின் அதன் குன்றுகளில் யுராசிக் கடலின் படைகள் ஏடு ஏடாக அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றுள் 'டோசா' எனப் பெயர்பெற்ற படை, மீன்முட்டைகளை ஒட்டவைத்தாற் போன்ற உருண்டை மணிகளாலான சுண்ணாம்புப் பாறை. ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகள் பழைமையானது. அதிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு ஓடுகளையும் ஓட்டுத் துண்டுகளையும் பொறுக்கி ஆராய்ந்த இந்திய அறிஞர்கள், அமெரிக்க அறிஞர் ஒருவருடன் சேர்ந்து 2018 இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அவை டரிட்டெல்லா என்னும் நத்தைகள் என்பதும், உலகில் அக்குடும்பத்தின் மிகப் பழைய சுவடுகள் அவையே என்பதும் அம்முடிவு.

டரிட்டெல்லாவை வாசகர்கள் கண்டிருப்பார்கள். கடற்கரையிற் பிள்ளைகள் பொறுக்கும், கூம்பி நீண்ட, திருகாணி போன்ற ஓடு அது. 'சிறு கோபுரம்' என்பது பெயரின் பொருள். இதிலே என்ன பெரிய முடிவு என்று எண்ணத் தோன்றும். ஆனால் அக்குடும்பம் கிரீத்தேசியஸ் என்னும் அடுத்த காலத்திலேதான் தோன்றியது என்பது பல்லாண்டு நிலைத்திருந்த கொள்கை. அதற்கு முற்பட்ட படைகளிலே கோபுர ஓடுகள் கிடைத்தபோதெல்லாம், "இவை வெறும் போலிகள், மதில்டா என்னும் வேறொரு குடும்பத்தைச் சார்ந்தவை" என்று ஒதுக்கி வந்தனர். ஒதுக்கியதிலும் நியாயம் உண்டு. கோபுர வடிவம் எளிய வடிவம். ஒன்றோடொன்று தொடர்பற்ற பல நத்தை மரபுகள் அவ்வடிவத்தைத் தனித்தனியே அடைந்திருக்கின்றன.

அப்படியாயின் உண்மையை எங்கே தேடுவது? ஓட்டின் உச்சியிலே தேடவேண்டும். நத்தையின் ஓடு உச்சியில் தொடங்கி வாயை நோக்கி வளர்வது. மரம் தன் வயதை வளையங்களில் வைத்திருப்பது போல நத்தை தன் குழந்தைப் பருவத்தை உச்சியில் வைத்திருக்கிறது. கடுகளவினும் சிறிய அந்தக் குழவியோட்டை உருப்பெருக்கியின் கீழ்ப் பார்த்தால், மதில்டா வகையிற் குழவிச்சுருள் ஒரு திசையிலும் பின்னைய சுருள்கள் எதிர்த்திசையிலும் செல்வதைக் காணலாம். டரிட்டெல்லாவில் இரண்டும் ஒரே திசை. வலம்புரி, இடம்புரி என்று சங்கின் சுழியைக் கொண்டே விலை மதித்தவர்கள் நம் முன்னோர். இந்த நுட்பம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. கட்ச் ஓடுகளின் உச்சியும், பக்கத்து வரிகளும், வளர்ச்சிக் கோடுகளின் வளைவும் சேர்ந்து, இவை போலியல்ல, டரிட்டெல்லாவே என்று சாட்சி கூறின. ஒரு முழுக் குடும்பத்தின் பிறந்தநாள் பின்னுக்குத் தள்ளிப்போயிற்று.

பாகுபாடு என்பது பெயரிட்டுப் பெட்டியில் அடுக்கும் வேலை என்றே நாமும் பல்கலைக்கழக நாட்களில் எண்ணியிருந்தோம். உண்மையில் அது உறவு விசாரிக்கும் வேலை. 1758 இல் லின்னேயஸ், சுருளோடு கொண்ட தரை நத்தைகளிற் பெரும்பாலானவற்றை ஹீலிக்ஸ் என்னும் ஒரே சாதிக்குள் போட்டார். பிரெஞ்சு அறிஞர் மில்ன் எட்வர்ட்ஸ் 1848 இல், பூ முன்னே உள்ளவை, பூ பின்னே உள்ளவை, நுரையீரல் உள்ளவை எனச் சுவாச உறுப்பைக் கொண்டு முப்பிரிவாக்கினார். நூறாண்டுக்கு மேல் பாடநூல்களை ஆண்டது அந்த முப்பிரிவு. ஆனால் கல்லாய்ப்போன நத்தைக்குப் பூ ஏது, நுரையீரல் ஏது? ஓடு ஒன்றே மிச்சம். அந்த ஓட்டையும் வடிவத்தை மட்டும் நம்பாமல் படிக்கவேண்டும்.

அவ்வாறு படித்தவர்களுள் ஒருவரை இவ்விடத்தில் நினைக்காமற் செல்ல முடியவில்லை. பேர்டினண்ட் ஸ்டோலிட்ஸ்கா 1838 இல் மொரேவியாவிற் பிறந்தவர். இருபத்துமூன்றாம் வயதிலே, அதாவது 1861 இல், ஆல்ப்ஸ் மலையின் ஹியர்லாட்ஸ் படைகளிற் கிடைத்த யுராசிக் நத்தைகளையும் சிப்பிகளையும் பற்றி நூல் எழுதினார். அடுத்து இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்திற் சேர்ந்து கல்கத்தா வந்தவர், திருச்சிராப்பள்ளிச் சீமையில் ஊட்டத்தூர், அரியலூர்ப் பகுதிகளின் கிரீத்தேசியஸ் காலக் கடல் நத்தைகளை ஆராய்ந்து 1867-68 இல் பெருநூலாக வெளியிட்டார். இன்று உள்ளதையும் அன்று இறந்ததையும் ஒரே குடும்ப அட்டவணையில் வைத்துப் பார்த்த நூல் அது. 1874 இல் யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயர்மலையில், முப்பத்தாறாவது வயதிலேயே காலமானார். நமது தோட்டங்களில் இன்று வாழ்வோரிற் பலருடைய பாட்டன் பூட்டன்மார் அதே திருச்சிச் சீமையிலிருந்துதான் தலைமன்னார் வழியாக வந்தனர். அவர்களுடைய புலங்களில் ஏர்முனை புரட்டிய மண்ணிலே சங்கும் சிப்பியும் கிடந்தன. மலையில் ஓடொன்றைக் கண்டதும் கடலை நினைத்த அம்மாயியின் எண்ணம் எங்கிருந்து வந்ததோ, யார் அறிவார்!

யுராசிக் நத்தைகளிலே எமக்கு மிக விருப்பமானது புளூரோட்டொமேரியா என்னும் பிளவோட்டு நத்தை. பம்பரம் போன்ற அதன் ஓட்டின் வாயோரத்தில் நீண்ட பிளவு ஒன்று இருக்கும். சுவாசித்த நீரும் கழிவும் வெளியேறும் வாசல் அது. ஓடு வளர வளரப் பழைய பிளவு அடைபட்டு, சுருளைச் சுற்றி ஒரு நாடாவாகத் தழும்பு விழும். யுராசிக் காலத்து ஆழமற்ற கடல்களில் இவை ஏராளம். பின்னர் குறைந்துபோயின. அற்றுப்போயின என்றே கருதியிருந்த வேளையில், மேற்கிந்தியத் தீவுகளை அடுத்த கடலில் உயிருள்ள இனமொன்று அகப்பட்டு 1856 இல் விவரிக்கப்பட்டது. இன்று அவை வாழ்வது கடலின் ஆழத்தில், இருளில்.

ஏன் ஆழத்துக்குப் போயின? கீரத் வெர்மெய் என்னும் அறிஞர் 1977 இல் இதற்கொரு விடை எழுதினார். மூன்று வயதிலேயே பார்வையை இழந்தவர் அவர். ஓடுகளை விரல்களால் தடவித் தடவியே ஆராய்ந்தவர். யுராசிக் காலத்திலிருந்து ஓட்டை உடைக்கும் நண்டுகளும் மீன்களும் பெருகின. அதனால் ஆழமற்ற கடலிலே தடித்த ஓடும், ஒடுங்கிய வாயும், முள்ளும் முடிச்சும் உடையவை தப்பின, அகன்ற வாயுடையவை பின்வாங்கின என்பது அவர் கொள்கை. வாயோரத்திற் பிளவுடைய ஓடு நண்டின் கொடுக்குக்கு எவ்வளவு வசதி என்பதை ஒரு கிண்ணத்தின் விளிம்பை வெட்டிப் பார்த்தாலே அறியலாம். கூர்ப்பு என்பது எப்பொழுதும் முன்னேற்றம் என்று எண்ணுவோருக்கு இந்த நத்தை நல்ல பதில். அது மாறவில்லை, இடம் மாறிற்று.

இவ்வளவும் கூறியபின் மாணவனின் கையிலிருந்த ஓட்டுக்குத் திரும்புவோம். அது உயிர்ச்சுவடன்று, கடற்சங்கும் அன்று. வெயிலிலும் மண்ணிலும் வெளுத்துப்போன மர நத்தையின் ஓடு. அகாவஸ் என்பது அதன் சாதிப் பெயர். லின்னேயஸ் ஹீலிக்ஸ் என்ற பெரிய மூட்டைக்குள் போட்டிருந்த ஓரினத்தை உள்ளடக்கி, 1810 இல் மொன்போர்ட் என்பவர் இதைத் தனிச் சாதியாகப் பிரித்தார். மூன்று இனங்கள் உண்டு. மூன்றும் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை.

இங்கேதான் வியப்பு. முன்சொன்ன மதில்டாவை நினைவிற் கொள்க. கோபுர ஓடுடைய மதில்டாவும் கோபுர ஓடுடைய டரிட்டெல்லாவும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். இரண்டும் கடலில் வாழ்வன. ஆனால் உடலமைப்பையும் மரபணுக்களையும் ஒப்பிட்ட இக்கால அறிஞர், மதில்டாவை வைத்திருப்பது நுரையீரல் நத்தைகள் இருக்கும் பெரும்பிரிவிலே. அதாவது, கடலடியில் வாழும் அந்தத் திருகாணி நத்தைக்கு, பக்கத்திலிருக்கும் டரிட்டெல்லாவினும் நமது தோட்டத்து மரத்தில் ஊரும் அகாவஸே நெருங்கிய சொந்தம். கடற்சங்கா, காட்டு நத்தையா என்று பையன் கேட்டான். உறவின் கணக்கிலே அந்தக் கேள்வியே வேறு வடிவம் கொண்டுவிடுகிறது.

அகாவஸின் உடன்பங்காளிகள் எங்கே என்று பார்த்தால், மடகாஸ்கரிலும் செய்ஷெல்ஸ் தீவுகளிலும் இருக்கிறார்கள். நடுவிலே சமுத்திரம். அண்டையிலிருக்கும் இந்தியப் பெருநிலத்திலோ இக்குடும்பத்தின் ஒரு நத்தைகூட இல்லை. உப்புநீர் பட்டால் உயிர்விடும் பிராணி எப்படி நீந்தியிருக்கும்? நீந்தவில்லை. இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் ஆபிரிக்காவோடு ஒட்டிக் கிடந்த கொண்டுவானாப் பெருநிலம் யுராசிக் காலத்திலே பிளந்தது. அப்பிளவில் நுழைந்த கடலின் ஒரு கையே கட்ச்சில் டரிட்டெல்லாவுக்கு வீடாயிற்று. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மடகாஸ்கரும் பிரிந்தது. கடல் நத்தைக்கு இடம் தந்த அதே பிளவுதான் தரை நத்தையின் குடும்பத்தைப் பாகம் பிரித்தது என்று கொள்ள இடமுண்டு. இந்தியப் பாகத்துப் பங்காளிகள் பின்னர் அழிந்திருக்கவேண்டும். இலங்கையின் ஈரக்காடு மட்டும் பரம்பரைச் சொத்தைக் காத்து வைத்திருக்கிறது.

குருவிற்றையை அடுத்த பட்டதொம்ப குகையிலும், கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையின் பெலி குகையிலும் தெரணியகலவின் மைந்தர் சிரான் தெரணியகல நடத்திய அகழ்வுகளில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு வாழ்ந்தோர் உண்டு எறிந்த நத்தையோடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுள் அகாவஸும் ஒன்று. பட்டதொம்பவிலே கடற்சிப்பியிற் செய்த மணிகளும் அகப்பட்டன. கடலிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவு. ஆகவே சப்பிரகமுவவுக்குக் கடற்சிப்பி வந்ததுண்டு. மனிதர் கையிலே வந்தது. இதைச் சொன்னபோது பையனின் முகம் மலர்ந்தது. அம்மாயியிடம் சொல்ல ஏதோ ஒன்று கிடைத்துவிட்டதல்லவா!

ஆனால் அடுத்து அவன் கூறியது எம்மைத் துணுக்குறச் செய்தது. "இந்த மாதிரி நத்தை உயிரோடும் எங்கள் பக்கம் இருக்கிறது, சேர். வாளியிற் போட்டு உப்புக் கொட்டுவோம்" என்றான்.

அவனைக் குறைகூற முடியாது. 1900 ஆம் ஆண்டளவில் இலங்கைக்குட் கொணரப்பட்ட ஆபிரிக்க இராட்சத நத்தை, லயத்துக் காய்கறிப் பாத்திகளை ஓரிரவில் மொட்டையாக்கிவிடும். போஞ்சி, பப்பாசிக் கன்று, கோவா எதுவும் மிஞ்சுவதில்லை. முட்டையும் நூற்றுக்கணக்கில் இடும். உழைத்து நட்ட கன்று போகும்போது உப்பைத் தவிர வேறென்ன நினைவுக்கு வரும்? எமது வீட்டுத் தோட்டத்திலும் பல ஆண்டுகளுக்கு முன்னர் நாமே, விலங்கியல் கற்றிருந்தும், ஒரு மழையிரவிற் கைவிளக்குடன் சென்று அகப்பட்ட நத்தைகளையெல்லாம் உப்பு நீரிற் போட்டோம். விடிந்தபின் ஓடுகளைக் கழுவிக் கொட்டும்போதுதான், கூர்ந்த ஓடுகளின் நடுவே உருண்டையாய், சிவந்த உதட்டோடு இரண்டு கிடந்ததைக் கண்டோம். வடிவம் பார்த்துப் பெயரிடாதே என்று அடுத்த நாள் வகுப்பிற் சொல்லவேண்டிய ஆசிரியர், இருளில் வடிவத்தையும் பார்க்கவில்லை. இதுவரை எவரிடமும் சொல்லாத சங்கதி இது.

பிரித்தறிவது கடினமன்று. ஆபிரிக்க நத்தையின் ஓடு நீண்டு கூர்ந்தது, கபில நிறத்தில் நெடுக்குக் கோடுகள் தீற்றியிருக்கும், நிலத்தில் ஊர்ந்து பயிரைத் தின்னும், கையளவு வளரும். அகாவஸின் ஓடு சற்றே தட்டையான உருண்டை. வாயின் விளிம்பு தடித்து வெளிப்புறம் மடிந்து, உதடு போலத் திரண்டிருக்கும். பலவற்றிற் செந்நிறம் தோயும். மரத்திலே வாழ்ந்து பட்டையிற் படர்ந்த பாசியையும் பூஞ்சணத்தையும் சுரண்டி உண்ணும். பாத்திக்கு அதனால் தீங்கில்லை. சிறு பறவையின் முட்டை போன்ற பெரிய முட்டைகளைச் சிலவாகவே இடும். சிலவே இடுவதால், போனால் விரைவில் நிரம்பாது. இலங்கையின் தரை நத்தை இனங்கள் ஏறத்தாழ 250. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு இந்நாட்டுக்கே உரியவை. காட்டுத்துண்டுகள் தேயிலைக்கும் இறப்பருக்குமாகச் சுருங்கியபின் அவை ஒண்டியிருப்பது ஓடைக்கரை மரங்களிலும் லயத்துப் பின்புறப் பலாவிலுந்தான்.

இவற்றைக் கரும்பலகையில் இரண்டு படங்களாக வரைந்து காட்டினோம். அன்று கணிதப் பாடத்திற்கு நேரம் போதவில்லை. அடுத்த வாரம் பையன் வந்து, வாளியைத் தம்பி கொட்டுமுன் தான் ஒருமுறை பார்ப்பதாகவும், நான்கு உருண்டை நத்தைகளைப் பொறுக்கிப் பலாமரத்தில் விட்டதாகவும் சொன்னான். அவற்றுள் ஒன்று கீழே இறங்கி வந்து மறுபடியும் வாளிக்குட் போயிற்றாம்.

வெள்ளை ஓடு எமது ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறது. சீட்டை எழுதியவன் அவனே. குடும்பம், சாதி, கண்டெடுத்த இடம், திகதி எல்லாம் எழுதியவன், இனம் என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. "நிறம் போய்விட்டதே சேர், எப்படிச் சொல்வது?" என்றான். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.